அடக்கிய அழுகை

துக்கக் காட்சி என்றாலே நடிகர் கதறி அழ வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு நேர் எதிர். அழுகையை அடக்கப் பார்க்கும் முகம்தான் என்னை உலுக்குகிறது.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி' படத்தில் மனைவி இறந்த அன்று அதிகாலை, கிழவர் தனியாக வெளியே நிற்கிறார். தேடிவந்த மருமகளிடம் விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். அவ்வளவுதான். கிழவராக நடித்த சிஷூ ரியூவின் குரல் உடையவில்லை, முகம் கோணவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது. (இத்தனைக்கும் ரியூவுக்கு அப்போது 49 வயதுதான். 70 வயதுக்காரராக நடித்திருந்தார்!)

நாடக மேடையில் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும், அதனால் குரலும் கையசைவும் பெரிதாகத்தான் இருக்கும். சரி. ஆனால் க்ளோஸப்பில் ஓர் இமைத்துடிப்பே பெரிய அசைவு. நடிகரே எல்லாவற்றையும் அழுது தீர்த்துவிட்டால் பார்க்கிற நமக்கு என்ன மிச்சம்?

அப்புறம், ஒருவர் இவ்வளவு அடக்கி நடிக்கும்போது பின்னணியில் வயலினை அலறவிடும் இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து அந்த நடிகரை நம்புங்கள்.