போனில் பேசும் வலைப்பக்கம்

"தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்"னு கேக்குற குரலுக்குப் பின்னாடி பல இடங்கள்ல இருக்குறது ஒரு வெப் பக்கம்தான்னு சொன்னா, புதுசா வேலைக்கு வர்ற பசங்க நம்பவே மாட்டேங்கிறாங்க. அந்தப் பக்கத்தை எழுதுற மொழிக்குப் பேரு வாய்ஸ்எக்ஸ்எம்எல். 1999ல ஏடி அண்ட் டி, ஐபிஎம், லூசென்ட், மோட்டோரோலா சேர்ந்து ஆரம்பிச்சது. 2004ல இதோட 2.0 வடிவம், வெப்புக்கான பொதுத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்போட தரமாச்சு. அதுக்கு முன்னாடி ஐவிஆர் மெஷின், அதாவது போன்ல தானா பேசி பதில் வாங்குற மெஷின், விக்கிற ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தனி மொழி. மெஷினை மாத்தினா மொத்தத்தையும் திரும்ப எழுதணும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ரெண்டு டேக், அதாவது பக்கத்துல எழுதுற குறியீடு. கேள்வி கேட்டும் ஆள் பேசலைன்னா நோஇன்புட். பேசினார், ஆனா மெஷினுக்குப் புரியலைன்னா நோமேட்ச். ரெண்டுக்கும் ஒரே "மன்னிக்கவும்" போடுறவங்களைப் பார்த்தா கோபமே வருது. பேசாதவர் ரசீதைத் தேடிட்டு இருக்கலாம், அவருக்கு நேரம் குடுக்கணும். பேசியும் புரியலைன்னா கேள்வியையே மாத்தணும். இது எத்தனாவது தடவைன்னு டேக்குக்குள்ள குறிக்க கவுண்ட்னு ஒரு அட்ரிபியூட் இருக்கு. ரெண்டாவது தடவை "எண்களை போன்ல அழுத்துங்க"ன்னு சொல்ல வைக்கலாம். மூணாவது தடவை நேரா ஒரு மனுஷர்கிட்ட லைனை மாத்திடுங்க, ப்ளீஸ்.

அப்புறம் பார்ஜ்இன். குரல் ஓடும்போதே குறுக்கே பேச விடுறது. அதை எல்லா இடத்துலயும் அணைச்சு வைக்காதீங்க. தினமும் கூப்பிடுறவருக்கு மெனு மனப்பாடம். கட்டாயம் முழுசா கேக்க வேண்டிய அறிவிப்புக்கு மட்டும் அணைச்சா போதும்.