ஊட்டிக் குளிரும் மகனின் கரப்பானும்

நாகப்பட்டினத்திலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்தது போன நவம்பரில். மகனுக்கு அப்போது மூன்றரை வயது. பொங்கலுக்குள் அவன் காலில் நகம் பட்டாலே சிலேட்டில் எழுதியது போல வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தது. முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் சிவந்து தடித்துவிட்டது. ராத்திரி விளக்கை அணைத்ததும் போர்வைக்குள் அவன் சொறியும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு எப்படித் தூங்குவது?

பனிமூட்டம் உள்ள ஊரில் தோல் எப்படி வறளும் என்று எனக்குப் புரியவே இல்லை. குளிர்ந்த காற்றில் ஈரம் கொஞ்சம்தான் தங்குமாம். அதையே அறைக்குள் ஹீட்டரால் சூடாக்கும்போது இன்னும் வறண்டு, தோலிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாங்களோ ஹீட்டரைக் கட்டிலை ஒட்டியே வைத்திருந்தோம்.

அத்தை பார்த்ததும் “கரப்பான்” என்றார்கள். அவன் சாப்பாட்டில் கத்தரிக்காயும் கருவாடும் நின்றன. அழுக்குதான் அரிக்கிறது என்று நினைத்து நான் தினமும் ஆவி பறக்கும் வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். அதற்கு மேல் பயத்தமாவுத் தேய்ப்பு வேறு. அரிப்பு கூடக் கூட இன்னும் நன்றாகத் தேய்த்தேன். மருந்துக் கடையில் கேட்டு ஒரு டியூபும் வாங்கிப் பூசினேன். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது, நிறுத்தியதும் திரும்பி வந்தது.

தோல் மருத்துவர் அந்த டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஸ்டீராய்டின் பெயரைக் காட்டினார். தேவைப்பட்டால் அது நல்ல மருந்துதான். ஆனால் எந்த இடத்தில், எத்தனை நாள் என்று தெரியாமல் பூசினால் தோல் மெலிந்துபோகும் என்றார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அப்புறம் வீரியம் குறைந்த ஒரு ஸ்டீராய்டை, சிவந்த இடத்துக்கு மட்டும், நாள் கணக்குச் சொல்லி எழுதிக் கொடுத்தார். காரணமில்லாமல் சாப்பாட்டில் எதையும் நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

உண்மையில் மாற்ற வேண்டியிருந்தது குளியலைத்தான். இப்போது வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவோம். மாவு இல்லை. சோப்புக்குப் பதிலாக வாசனையில்லாத, காரத்தன்மை குறைந்த குளியல் திரவம், அதுவும் வேண்டிய இடத்துக்கு மட்டும். துண்டால் ஒற்றி எடுப்பதோடு சரி. உடம்பில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், குளியலறையிலேயே வாசனையில்லாத கெட்டி கிரீம். முன்பு பட்டாணி அளவு எடுத்துக் கால் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது தோல் பளபளக்கும்வரை, முடி வளரும் திசையில், தாராளமாகப் பூசுகிறேன். படுக்கும் முன் இன்னொரு முறை. பெரிய டப்பா சீக்கிரம் காலியாகிறது, செலவுதான். ஆனால் இதில் சிக்கனம் பார்த்தால் பலன் இல்லை.

ஹீட்டர் படுக்கும் முன் அறையைச் சூடாக்க மட்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுகிறேன். அவன் துணியைக் கூடுதலாக ஒரு முறை அலசுகிறேன்.

சொறியும் சத்தம் குறைய மூன்று வாரம் ஆனது. முழங்கை மடிப்பு இன்னும் அவ்வப்போது சிவக்கிறது. ஜூனில் எல்.கே.ஜி. சேர்ந்தான், கம்பளி ஸ்வெட்டர் கட்டாயம். கழுத்திலும் மணிக்கட்டிலும் கம்பளி உரசாமல் இருக்க, அத்தை பழைய வேட்டித் துணியை உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.