ஜாக்கிக்கு டன் கணக்கை விட உயரக் கணக்குதான் முக்கியம்: ஏரி வண்டலில் சோதித்துப் பார்த்தது

கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரி வண்டலில் பின் சக்கரம் இரண்டும் 15 செ.மீ. புதைந்து நின்ற மஹிந்திரா தார் ஜீப், 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கியிலேயே (நீளக் கம்பியில் படிப்படியாக ஏறும் ஜாக்கி, 48 என்பது கம்பியின் நீளம்) வெளியே வந்துவிட்டது. 60 அங்குலம் தேவைப்படவே இல்லை. அதே இடத்தில் 5 டன் பாட்டில் ஜாக்கி (பாட்டில் வடிவ ஆயில் ஜாக்கி) ஆக்சிலுக்கு அடியில் நுழையவே இல்லை.

கடையில் முதலில் எழும் கேள்வி "எத்தனை டன்?" என்பதுதான். தாரின் மொத்த எடையே ஏறத்தாழ 1.75 டன். பின்பக்கத்தை மட்டும் தூக்க 800 கிலோ, சேறு பிடித்து இழுப்பதற்கு இன்னும் கொஞ்சம். 2 டன்னே தாராளம். பாட்டில் ஜாக்கியில் டன் கூடக் கூட, மடக்கிய நிலையில் அதன் உயரமும் கூடும். 5 டன் ஜாக்கி மடக்கினாலும் 20 செ.மீ. இருக்கும். ஆக்சில் குழாய் சமதரையில் 28 செ.மீ. உயரத்தில் இருந்தது, புதைந்த பிறகு மிச்சம் 13 செ.மீ. ஜாக்கிக்கு அடியில் போடும் பலகைக்கும் சேர்த்து 12 செ.மீ. குழி தோண்ட வேண்டும். வண்டலில் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறி வந்து குழி மூடிக்கொள்ளும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பாறைத் தடத்தில் இதே பாட்டில் ஜாக்கிதான் ராஜா, அது வேறு.

ஹை-லிஃப்டில் கவனிக்க வேண்டியது சஸ்பென்ஷன் தொங்கல். பம்பரைத் தூக்கும்போது சக்கரம் உடனே எழாது. ஸ்பிரிங் முழுக்க நீண்ட பிறகுதான் எழும். இந்த வண்டியில் பம்பர் 22 செ.மீ. ஏறிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. கணக்கு இப்படி: புதைந்த நிலையில் பம்பர் அடி 43 செ.மீ. அதோடு தொங்கல் 22, குழி 15, கல் திணிக்க 8. ஆக 88 செ.மீ. 48 அங்குல ஜாக்கி ஏறத்தாழ 97 செ.மீ. வரை தூக்கும். போதும். 2 அங்குல லிஃப்ட் கிட்டும் (வண்டியின் உடலை உயர்த்தும் பாகங்கள்) 33 அங்குல டயரும் போட்ட வண்டியில் இதே கணக்கு அந்த 97 செ.மீ.யை ஒட்டி வந்துவிடும். அதற்காக 60 அங்குலம் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். அத்தனை உயரத்தில் ஜாக்கி ஆடுகிற ஆட்டம் ஆபத்தானது.

அதைவிட நல்ல வழி, தொங்கலையே கட்டிவிடுவது. 5 செ.மீ. அகல ரேட்செட் பெல்ட்டால் ஆக்சிலையும் சேஸிஸையும் சேர்த்து இரு பக்கமும் கட்டி, தூக்குவதற்கு முன்பே இறுக்கினோம். தொங்கல் 22-லிருந்து 6 செ.மீ.க்கு இறங்கியது, 88 செ.மீ. 72 ஆனது. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் பெல்ட்டுக்குள் சிக்காமல் பார்க்க வேண்டும். வெளியே வந்ததும் பெல்ட்டை அவிழ்த்துவிட வேண்டும். புதிய தாரின் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்) என்பதால் அங்கே சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில் கட்டணும். அதை இன்னும் சோதிக்கவில்லை.

அடிப்பலகை இல்லாமல் தொடவே கூடாது. ஜாக்கியின் அடித்தட்டு 180 சதுர செ.மீ.தான். 30-க்கு 30 செ.மீ. பலகை என்றால் 900. ஒரு சதுர செ.மீ.க்கு விழும் பாரம் ஐந்தில் ஒரு பங்கு. 18 மி.மீ. பிளைவுட் ஒற்றையாகப் போட்டதும் விரிசல் விட்டது. நார் குறுக்கும் நெடுக்குமாக வருமாறு இரண்டு பலகைகளை ஒட்டியது தாங்கியது. மரம் அறுக்கும் மில்லில் 5 செ.மீ. புளியம்பலகை கிடைத்தால் அதுவே மேல்.

கம்பெனி பிளாஸ்டிக் பம்பரில் ஹை-லிஃப்ட் வைக்க முடியாது. ஸ்டீல் பம்பரோ ராக் ஸ்லைடரோ (கதவுக்குக் கீழே பொருத்தும் உறுதியான இரும்புக் குழாய்) வேண்டும். ஃபுட்போர்டில் வைத்தால் அது மடங்கிவிடும்.

செம்மண் புகுந்தால், ஹை-லிஃப்ட் கம்பியின் துளைகளில் மாறி மாறி நுழைந்து ஏறும் இரும்பு முளைகள் சிக்கிக்கொள்ளும். கிரீஸ் போட்டால் புழுதியை இன்னும் வாரிக்கொள்ளும். டீசலில் கழுவி, லேசான ஆயில் அடித்தால் போதும். இறக்குவதற்கு லிவரைத் திருப்பும் முன், கைப்பிடியைக் கம்பியோடு சேர்த்து நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். விட்டால் தாடையில் வந்து அடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது.

அடுத்து சோதிக்கப் போவது எக்ஸாஸ்ட் காற்றுப் பை ஜாக்கி, வண்டியின் புகைக்குழாய்க் காற்றால் உப்பித் தூக்கும் பை. அகலமான அடிப்பரப்பு, வண்டலுக்கு ஏற்றது. பயம் வேலிக்கருவை முள்தான். நெடுஞ்சாலை டயர் கடைகளில் பழைய லாரி டயர் ஃபிளாப் (ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் வரும் ரப்பர் பட்டை) மலிவாகக் கிடைக்கிறது. அதை வெட்டி விரித்து, பைக்குக் கீழே இரண்டு அடுக்கு, மேலே ஒன்று போடுவதாகத் திட்டம். ஃபிளாப் வாங்கியாச்சு, பை இன்னும் வரவில்லை.