பின்னட்டையில் உள்ள பெயர்கள்

நவம்பர் 4

பட்டியலில் முதலாவதாக இருப்பது ஹாமாவின் பெயர். டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்றாம் தொகுதியின் பின்னட்டை உட்புறத்தில், கணக்குப் பேரேட்டில் எழுதுவதைப் போன்ற சிறிய, நேரான எழுத்தில், பெயரும் அதற்கு நேரே பக்க எண்ணுமாக அப்பா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். ஹாமா வருவது இரண்டாம் தொகுதியில் என்பதால் பக்க எண்ணுக்கு முன்னால் ஒரு '2' இருக்கிறது. அந்தக் கதையை வாசித்தவர்களிடமே ஹாமா யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அவன் ரோஹன் நாட்டு அரசன் தியோடனுடைய மாளிகையின் வாசற்காவலன்.

வருகிறவர்களின் ஆயுதங்களை வாசலிலேயே வாங்கி வைக்க வேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட ஆணை. காண்டால்ஃப் வாளைத் தந்துவிடுகிறார். ஆனால் கைத்தடி இல்லாமல் உள்ளே வரமாட்டேன் என்கிறார். மந்திரவாதியின் கையில் உள்ள தடி வெறும் ஊன்றுகோல் அல்ல என்பது ஹாமாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், வந்தவர்களின் முகத்தைப் பார்த்து, தன் அறிவையே நம்பி அவன் அவர்களை உள்ளே விடுகிறான். சற்று நேரம் கழித்து, சிறையிலிருந்து அரசனின் தங்கை மகன் எயோமரை அழைத்துவரச் சொன்னால், யாரும் சொல்லாமலேயே அவனுடைய வாளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, மகிழ்ச்சியில் அப்படிச் செய்துவிட்டேன் போலும் என்று அரசனிடம் சொல்கிறான். இன்னும் சில பக்கங்கள் தள்ளி, அரசன் போருக்குப் போகும்போது நாட்டை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வருகிறது. எயோமரே தன் வம்சத்தின் கடைசி ஆள் என்று அரசன் சொல்ல, இல்லை, அவன் தங்கை எயோவின் என்பவள் இருக்கிறாள் என்று நினைவூட்டுவது அந்த அவையிலேயே இவன் ஒருவன்தான். பெற்ற பெண்ணைப் போல வளர்த்தவனுக்கு அது தோன்றவில்லை. வாசலில் நிற்கிறவனுக்குத் தோன்றியது.

அடுத்த போரில் கோட்டை வாயிலின் முன்னால் ஹாமா விழுந்துவிடுகிறான். அவனுடைய மரணக் காட்சி கதையில் இல்லை. போர் முடிந்த பிறகு, தனியாக ஒரு கல்லறை என்று ஒரு வாக்கியம் வருகிறது. அந்த வாக்கியத்தின் கீழே அப்பா கோடு போட்டிருக்கிறார்.

நவம்பர் 5

நாளைக் காலை டாக்டர் வந்த பிறகு சொல்வதாக அக்கா சொன்னாள்.

நவம்பர் 6

இன்று டாக்டர் வரவில்லையாம். பட்டர்பரைப் பற்றி எழுதுகிறேன்.

பிரீ என்ற ஊரில் விடுதி நடத்தும் பார்லிமன் பட்டர்பருடைய பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதன் குறுக்கே ஒரு கோடும், கோட்டின் மேல் மறுபடியும் அதே பெயரும் இருக்கின்றன. இந்தச் சண்டை எனக்குத் தெரியும். காண்டால்ஃப் கதையின் நாயகன் ஃபிரோடோவுக்கு அவசரமாக ஒரு கடிதம் எழுதி, மறுநாளே அனுப்பிவிடும்படி பட்டர்பரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். பட்டர்பர் மறந்துவிடுகிறார். கோடையின் நடுவில் எழுதிய கடிதம் செப்டம்பர் இறுதியில், ஃபிரோடோவே அந்த விடுதிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கிறது. அதற்குள் எதிரியின் கறுப்புக் குதிரைவீரர்கள் அவரை ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் கடிதங்களைப் பிரித்து அடுக்கி அனுப்பிய அப்பாவுக்கு இது பொறுக்கவே பொறுக்காது. பணியில் இருந்தபோது, கொட்டும் மழையில் மேட்டுப்பாளையத்திலிருந்து தபால் பை வந்து சேரும்வரை வீட்டுக்கு வராமல் உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

ஆனால் காண்டால்ஃப் பட்டர்பரை மன்னித்துவிடுகிறார். மன்னிப்பதோடு நில்லாமல், உன் விடுதி பீர் ஏழு ஆண்டுகளுக்கு ஒப்பற்ற சுவையோடு இருக்கட்டும் என்று வாழ்த்தவும் செய்கிறார். கறுப்பு வீரர்கள் வாசலில் வந்து கேட்டபோது பயத்தோடேயே அவர்களைத் துரத்திவிட்டவர் பட்டர்பர் என்பதும் உண்மை. அதனால்தான் அடித்த பெயரை அப்பா மீண்டும் எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஞாபகமறதிக்காரர்களிடம் டோல்கீன் காட்டும் இந்தப் பரிவு எனக்கு இன்று கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது.

நவம்பர் 8

ஃபிரெடெகர் போல்ஜர். ஃபேட்டி என்று கூப்பிடுவார்கள். நண்பர்கள் நால்வரும் பழங்காட்டுக்குள் புறப்பட்டுப் போகிறபோது, ஃபிரோடோ இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்று ஊரை நம்பவைப்பதற்காகப் பின்தங்குகிற ஐந்தாவது நண்பன் அவன். விளக்கு ஏற்றுவதும், நடமாட்டம் தெரியும்படி பார்த்துக்கொள்வதும், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுமே அவன் வேலை. காட்டுக்குப் போக அவனுக்குப் பயம்; வீட்டில் இருப்பது பாதுகாப்பான வேலை என்று எல்லோருமே நினைத்தார்கள். கறுப்பு வீரர்கள் அந்த வீட்டுக்குத்தான் வருகிறார்கள். கதவை உடைத்து அவர்கள் உள்ளே நுழைவதற்குள் ஃபிரெடெகர் பின்வாசல் வழியாக ஓடி, ஒரு மைலுக்கும் அப்பால் இருக்கும் வீட்டு வாசலில் போய் விழுகிறான். அதன் பிறகு ஊரெங்கும் கொம்பு ஊதுகிறார்கள்.

இத்தனையும் இரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. பின்தங்கி இருப்பவனின் இரவு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல அந்தக் கதைக்கு நேரமில்லை. அன்று மாலை முழுவதும் ஏதோ சரியில்லை என்ற உணர்வு அவனுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது, கதவைத் திறந்து பார்த்தான், தோட்டத்து மரங்களுக்கடியில் நிழல் ஒன்று அசைந்தது என்பதோடு சரி. நானாக இருந்தால் அந்த இரவுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருப்பேன். பக்கத்து வீட்டார் மாலையில் வர்க்கியோடு வந்து அவரைக் காணோமே என்று கேட்கும்போது என்ன முகத்தை வைத்துக்கொள்வது, எவ்வளவு சிரிப்பது, எந்த ஊரின் பெயரைச் சொல்வது, நேற்றுச் சொன்ன அதே ஊரைத்தான் இன்றும் சொல்கிறோமா என்பதையெல்லாம் எழுதியிருப்பேன்.

நவம்பர் 9

அம்மா மறுபடியும் கேட்டார். அக்காவுக்குப் புது வீட்டு வேலை நடக்கிறது, அப்பா இல்லாமல் கொத்தனார்கள் வேலை செய்யமாட்டார்கள் என்று சொன்னேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

நவம்பர் 10

மழை விடவில்லை, எதிர்ச்சரிவில் உள்ள சில்வர் ஓக் மரங்கள்கூடக் காலையிலிருந்து கண்ணில் படவில்லை. கரண்ட் போய்விட்டதால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கான்-புரி-கான் வரும் பகுதியைத் திரும்பப் படித்தேன். பட்டியலில் இந்தப் பெயருக்கு மட்டும் அப்பா இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

ரோஹனின் குதிரைப்படை மினாஸ் டிரித் நகரைக் காக்க விரைகிறது. பெருவழியை எதிரிகள் மறித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது காட்டுமக்களின் தலைவனான கான், எல்லோரும் மறந்துபோன பழைய பாதை ஒன்றைக் காட்டுகிறேன் என்கிறான். குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர்கள் அவனை எண்ணத் தெரியாதவன் என்று நினைத்துவிடுகிறார்கள். அவன் தரையில் உட்கார்ந்தபடியே, உங்களிடம் இருப்பது இருபது இருபதைப் பத்தும் ஐந்துமாக எண்ணிய அளவு என்று சொல்லிவிடுகிறான். பெருக்கிப் பார்த்தால் சரியாக 6,000 வருகிறது. சிறுவயதில் அப்பா இதை வாசித்துக் காட்டியபோது, என்னையும் அக்காவையும் மனக்கணக்காகப் போடச் சொன்னார், நான் முந்திக்கொண்டேன்.

வழி தவறினால் என்னைக் கொன்றுவிடுங்கள் என்று அரசனோடு தானே நடந்துவரும் அந்த மனிதன், பதிலுக்குப் பொன் கேட்கவில்லை. போர் முடிந்து உயிரோடு இருந்தால், எங்கள் மக்களை விலங்குகளைப் போல வேட்டையாடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறான். இந்த வரியை வாசித்துவிட்டு அப்பா சற்று நேரம் பேசாமல் இருப்பார். பிறகு, 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் இந்த மலைக்கு வந்ததைச் சொல்வார். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. அவ்வளவு செங்குத்தான காட்டில் ஒரு துரை தானாகவா வழி கண்டுபிடித்தார் என்பது அப்பாவின் கேள்வி. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தது சல்லிவனின் பெயரை மட்டுமே. டோல்கீன் தன் வழிகாட்டிக்குப் பெயரும் பேச்சும் கொடுத்ததோடு, கடைசியில் புதிய அரசன் அந்தக் காட்டை அவர்களுக்கே உரியதாக அறிவித்து, அவர்கள் அனுமதியின்றி யாரும் நுழையக்கூடாது என்று ஆணையிடுவதாகவும் எழுதியிருக்கிறார். அந்த அறிவிப்பைக் கேட்டுக் காட்டுக்குள்ளிருந்து முரசுகள் ஒலிக்கின்றன. ஆனால் யாரும் வெளியே வந்து வணங்கவில்லை. இரண்டாவது நட்சத்திரம் அதற்காகத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 12

குஞ்சப்பனைக்குக் கீழே மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலையை மூடியிருக்கிறார்கள். குன்னூர் வழியும் ஒழுங்காக இல்லையாம். நேற்று மாலையிலிருந்து போனில் சிக்னலும் இல்லை.

பட்டியலில் பக்க எண் இல்லாமல் ஒரு பெயர் இருக்கிறது: சுமந்திரன். கம்பனிலிருந்து எடுத்து இங்கே நட்டிருக்கிறார். இராமனைக் காட்டில் விட்டுவிட்டு வெறும் தேரோடு அயோத்திக்குத் திரும்பும் தேர்ப்பாகன். படுக்கையில் கிடக்கும் தசரதன் அவனைப் பார்த்து, நம்பியாகிய இராமன் 'சேயனோ? அணியனோ?' என்று கேட்கிறான். தொலைவில் இருக்கிறானா, பக்கத்தில் இருக்கிறானா? மூங்கில் உயர்ந்த காட்டுக்குத் தம்பியோடும் மிதிலைப் பெண்ணோடும் போய்விட்டான் என்று சுமந்திரன் உண்மையைச் சொல்கிறான். அவன் சொன்ன அந்தப் பொழுதிலேயே அரசனின் உயிர் போய்விடுகிறது. அதே பாட்டில், அடுத்த மூச்சில்.

அவனுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருக்காதா? பக்கத்தில்தான் இருக்கிறார், நாளைக்கு வந்துவிடுவார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெரியாமலா உண்மையைச் சொன்னான், அல்லது சொல்லியாக வேண்டும் என்று சொன்னானா? கம்பன் எல்லோருடைய நெஞ்சுக்குள்ளும் புகுந்து பார்க்கிறவன். தசரதன் இறந்த பிறகு அந்தத் தேர்ப்பாகன் அன்றிரவு எங்கே போய் உட்கார்ந்தான் என்பதை மட்டும் எனக்குச் சொல்லக் காணோம்.

அம்மா தூங்கவில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இன்று எல்லோர் மேலும் கோபமாக இருக்கிறது.

நவம்பர் 13

சிக்னல் வந்தது. அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கிறது. அதற்கு மேல் அக்காவால் எதுவும் சொல்ல முடியவில்லை, ஆனால் வார்டில் வேலை செய்யும் ஒரு வயதான அம்மாவைப் பற்றி நிறையச் சொன்னாள். அந்த அம்மா படுக்கை விரிப்பை மாற்றும்போது தன் தங்கை பேரனின் காதுகுத்திலிருந்து ஆரம்பித்து, அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ருசி வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் போவாராம். அக்காவுக்குத் தலைவலி. அப்பா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாராம். நான் உடனே, அயோரெத் என்றேன். அக்காவும் அதையேதான் நினைத்தாளாம்.

மினாஸ் டிரித் நகரின் மருத்துவ இல்லத்தில் பணிசெய்யும் பெண்களில் மூத்தவள் அயோரெத். வாயை மூடமாட்டாள். அரசனின் கைகள் நோய் தீர்க்கும் கைகள், அப்படித்தான் உண்மையான அரசனை அடையாளம் காண முடியும் என்ற பழைய சொல்லை, நோயுற்றுக் கிடக்கும் படைத்தலைவன் ஃபாராமிரின் படுக்கைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டே எதார்த்தமாகச் சொல்கிறவள் அவள். அரியணைக்கு உரிய அரகார்னைக் காண்டால்ஃப் அழைக்கப் போவதே அதைக் கேட்ட பிறகுதான். அரகார்ன் வந்து ஏதலாஸ் என்ற மூலிகை இருக்கிறதா என்று கேட்டால், அது எங்கே வளரும், அதைப் பார்த்துத் தன் சகோதரிகளிடம் என்ன சொன்னாள், கசக்கினால் என்ன வாசனை வரும் என்றெல்லாம் சொல்கிறாள். அடுத்து வரும் மூலிகை வல்லுநர் இன்னும் மோசம்: அந்தச் செடிக்கு எத்தனை மொழியில் என்னென்ன பெயர் என்று விரிவாகச் சொல்லிவிட்டு, கைவசம் ஒரு இலைகூட இல்லை என்கிறார். படித்தவரைவிட வாயாடிக் கிழவியை டோல்கீன் ஒரு படி மேலே வைத்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முடிசூட்டு நாளிலும் அவள் கிராமத்திலிருந்து வந்த உறவுக்காரிக்கு எல்லாவற்றையும் தவறாகவும் பெருமையாகவும் விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 14

கஞ்சி குடித்தாராம்.

நவம்பர் 15

உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968-இல் வந்தது. அதில் படகு உடைந்து ஒரு மணல்திட்டில் ஒதுங்கும் இளம் மந்திரவாதி கெட், அங்கே ஒரு கிழவனையும் கிழவியையும் காண்கிறான். பிள்ளைப்பருவத்திலேயே அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள். மற்ற மனிதர்களையே மறந்துபோனவர்கள். கிழவன் பயந்து சாகிறான். கிழவிக்கும் பயம்தான், ஆனாலும் சாப்பிடக் கொடுக்கிறாள். ஒருநாள் எங்கோ ஒளித்து வைத்திருந்த முத்துப் பதித்த பட்டுத்துணியை, ஒரு குழந்தையின் உடையை, எடுத்துக்காட்டிவிட்டு, உடைந்த வளையத்தின் பாதியை அவன் கையில் வைக்கிறாள். அது என்னவென்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. என்னோடு வாருங்கள் என்று கெட் அழைத்தும் அவர்கள் வரவில்லை. உப்புக்கரித்த அவர்களுடைய ஊற்று நல்ல நீராக ஓடும்படி மந்திரம் சொல்லிவிட்டு அவன் புறப்படுகிறான். அந்தப் பாதி வளையத்தின் பொருள் 1971-இல் வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அதுவான்' நூலில்தான் தெரியவருகிறது. ஒரு பேரரசின் அமைதியே அதில் அடங்கியிருக்கிறது.

அப்பாவின் பட்டியலில் இவள் இல்லை; இந்தக் கதைகளை அவர் படித்ததில்லை. இவள் என்னுடையவள். தன்னிடம் இருந்த ஒரே விலையுள்ள பொருளை, முன்பின் தெரியாதவனிடம், காரணம் சொல்லாமல் கொடுத்தாள். காரணம் சொன்னால் அவள் முக்கியமான பாத்திரமாகியிருப்பாள்.

நவம்பர் 16

பெரகாண்டைப் பற்றி அக்காவோடு போனில் சண்டை. ஃபாராமிரை உயிரோடு எரிக்கப்போகும் தந்தையைத் தடுப்பதற்காக, தன் காவலிடத்தை விட்டு ஓடி, கல்லறை வாயிலைக் காத்தவனையும் வேலையாட்கள் இருவரையும் கொன்றவன் பெரகாண்ட். பழைய சட்டப்படி அதற்கு மரண தண்டனை. அரகார்ன் அதை விலக்கி, நகரை விட்டுப் போகும்படி தீர்ப்பளித்து, ஃபாராமிரின் காவல்படைக்கே அவனைத் தலைவனாக்குகிறான். அழகான தீர்ப்பு என்கிறாள் அக்கா. அழகுதான். ஆனால் அந்த வாயிற்காவலன் என்ன தவறு செய்தான்? சாவியைத் தரமாட்டேன் என்றான். அது அவனுடைய வேலை. ஹாமா ஆணையை மீறியதால் ஒரு நாடு பிழைத்தது; இவன் ஆணையை மீறாததால் செத்தான். இவனுக்குப் பெயர்கூட இல்லை. இருவரும் செய்தது கதவுக்கு முன்னால் நின்ற ஒரே வேலையைத்தான்.

இந்த நேரத்தில் இதற்கெல்லாமா சண்டை போடுவது என்று அக்கா கேட்டாள். வேறு எதற்குப் போடுவது?

நவம்பர் 18

சாலையில் ஒருவழியாக வண்டிகளை விடுகிறார்களாம். அம்மாவிடம் இன்று பாதி சொன்னேன். எனக்கு முன்பே தெரியும் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, எந்தப் புத்தகத்தைக் கொண்டுபோகப் போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

லோபீலியாவை நாளை எழுத வேண்டும். வெள்ளிக் கரண்டி திருடுகிறவள் என்று கதை முழுவதும் நாம் சிரித்த அந்தக் கிழவிதான், ரவுடிகளின் எதிரில் குடையை ஓங்கிக்கொண்டு போய்ச் சிறையில் அடைபட்டாள். வெளியே வந்தபோது ஊரே கைதட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னை யாரோ விரும்புகிறார்கள் என்று அவள் அழுதாள். பிறகு அத்தனை ஆண்டுகள் ஆசைப்பட்ட வீட்டை ஃபிரோடோவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இறக்கும்போது மிச்சமிருந்த பணத்தையெல்லாம் வீடிழந்தவர்களுக்காக