நிலவறையில் இருந்த ட்ரான்ஸ்போமர்

2019 மார்ச்சில் ஒரு காலை, மாணவர் விடுதி அறையில் கணினியைத் திறந்தபோது என் இலக்கத்துக்கு எதிரே 5,0 என்று இருந்தது (5.0ஐ அங்கே அப்படித்தான் எழுதுவார்கள்). ஜேர்மனியில் 1,0 தான் மிகச் சிறந்த பெறுபேறு. 4,0 வரை சித்தி. 5,0 என்றால் சித்தியில்லை. பாடம் வலு இலத்திரனியல், அதாவது மின்சாரத்தைத் தேவைக்கேற்ப மாற்றித் தரும் சுற்றுகளைப் பற்றியது. நான் அங்கே படிக்கப் போனதே அந்தப் பாடத்துக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் பௌதிகவியலில் முன்வரிசையில் நின்ற பிள்ளை நான். வீட்டாருக்கு அதைச் சொல்லவே மூன்று வாரம் ஆயிற்று.

வெளிநாட்டில் பொறியியல் முதுமாணி படித்ததைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, பட்டம் வாங்கிய நாளைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, இப்போது விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த 5,0 தான் கூடப் பயன்படும் என்று பட்டது.

நான் போய் இறங்கியது 2018 ஒக்டோபரில். அதற்கு முந்திய அலைச்சல் எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அதை முடக்கப்பட்ட கணக்கு என்பார்கள். அப்போது அது 8,640 யூரோ, மாதம் 720 யூரோவாக மட்டுமே எடுக்கலாம். இப்போது தொகை நன்றாகக் கூடிவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. "ஜேர்மனியில் எல்லாம் இலவசம்" என்று யாரோ சொன்னதை நம்பிப் போகாமல், சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் விதியை நேரடியாகப் பாருங்கள். வீடு கிடைத்ததும் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் பதிவுத் தாள் கையில் இல்லாவிட்டால் மற்ற வேலை ஒவ்வொன்றும் தாமதமாகும்.

யாரும் எனக்குச் சொல்லாமல் விட்டது பரீட்சை முறையைத்தான். முதுமாணிக்கு 120 புள்ளி அலகுகள், அதில் 30 ஆய்வறிக்கைக்கு. ஓர் அலகு என்றால் ஏறக்குறைய 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. நான் எடுத்த பாடங்களில் இடைத்தேர்வும் இல்லை, வரவுப் பதிவும் இல்லை. விரிவுரைக்குப் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. செமஸ்டர் முடிந்து சில வாரம் கழித்து வரும் ஒரே பரீட்சையில்தான் எல்லாம். அதற்கும் நாமே இணையத்தில் பதிந்திருக்க வேண்டும். திகதி தவறினால் எவ்வளவு படித்திருந்தாலும் எழுத விடமாட்டார்கள்.

பொதுவாக ஒரு பாடத்துக்கு மூன்று தரம்தான் வாய்ப்பு. கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது தரமும் தவறினால் அந்தப் படிப்பு அங்கேயே முடிந்தது. அதே படிப்பை அந்த நாட்டின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் தொடரவும் விடமாட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைக்கு அது ஒரு துறையின் இழப்பு. நமக்கு வதிவிட அனுமதியே அந்தப் படிப்பில்தான் தொங்குகிறது. அன்று காலை அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

அங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. திருத்திய விடைத்தாளை மாணவர் போய்ப் பார்க்கலாம், அதற்கென்று ஒரு நாள் ஒதுக்குவார்கள். வெட்கத்தில் போகாமல் விடவே நினைத்தேன். பக்கத்து அறை மெக்சிக்கோ நண்பர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். உதவி விரிவுரையாளர் ஒருவர் என் தாளை விரித்து ஒரே ஒரு வரியில் விரல் வைத்தார். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு சுற்று. வெளியே வரும் அழுத்தம், உள்ளே வரும் அழுத்தத்தை ஆளி மூடியிருக்கும் நேர விகிதத்தால் பெருக்கினால் வரும் என்ற சமன்பாட்டை நான் பிழையின்றி எழுதியிருந்தேன். "இது எப்போது சரி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சுற்றில் தூண்டி எனும் கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் பூச்சியத்துக்கு விழாதவரைதான் அது சரி. கேள்வியில் கொடுத்திருந்த சுமை மிகச் சிறியது, மின்னோட்டம் விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் எழுதியிருந்த மூன்று பக்கத்துக்கும் அடித்தளமே இல்லை.

என் படிப்புப் பழக்கத்தை அந்த வரியில் நான் பார்த்தேன். சமன்பாட்டை மனப்பாடம் செய்தேன், எண்களைப் போட்டேன், விடை வந்தது. பள்ளியிலும் பிறகு இளமாணியிலும் அதற்குப் புள்ளி கிடைத்தது. எங்கள் ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. கேட்டால் சொல்லித் தந்திருப்பார்கள், நான்தான் கை உயர்த்திக் கேட்டதேயில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடும் என்ற பயம்.

இரண்டாவது தரத்துக்கு நான்கு பேர் சேர்ந்து படித்தோம். மெக்சிக்கோ நண்பர், ஈரானிலிருந்து வந்த ஓர் அக்கா, ஒரு ஜேர்மன் மாணவர், நான். ஈரான் அக்கா ஒரு விதி வைத்தார். ஒருவர் பலகையில் எழுதி விளக்க வேண்டும், மற்றவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்க வேண்டும், விளக்குகிறவர் பதில் தெரியாத இடத்தில் "இங்கே எனக்குத் தெரியாது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுற்றிவளைக்கக் கூடாது. முதல் நாள் அந்த மூன்று சொல்லைச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. நான்காவது வாரம் ஜேர்மன் மாணவரும் என்னைப்போலவே அதே வரியில் தடுமாறுவதைப் பார்த்தேன். அதன் பிறகு இலகுவாகிவிட்டது.

அந்தக் கோடையில்தான் ஒரு விரிவுரையில் மிக்கைல் டொலிவோ-டோப்ரோவோல்ஸ்கியின் கதையைக் கேட்டேன். ரஷ்யாவில் பிறந்தவர். 1881இல் சார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்ட பின் வந்த அடக்குமுறையில், ரீகாவில் படித்துக்கொண்டிருந்த அவரை அரசியல் காரணம் காட்டி வெளியேற்றினார்கள். ரஷ்யப் பேரரசில் வேறெங்கும் படிக்க முடியாமல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகருக்கு வந்தார். அங்கே 1882இல்தான் மின் பொறியியலுக்கு உலகின் முதல் பேராசிரியர் இருக்கை தொடங்கியிருந்தது. அதில் அமர்ந்த எராஸ்முஸ் கிற்லரிடம் படித்து, அவருக்கே உதவியாளரானார். 1891இல் பிராங்பேர்ட் மின் கண்காட்சிக்கு 175 கிலோமீற்றர் தொலைவிலுள்ள லவுஃபன் ஊரின் ஆற்று மின்சாரத்தை மூன்று கட்ட முறையில், அதாவது மூன்று கம்பிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும் மின்னோட்டமாக, கொண்டுவந்த முயற்சியில் முன்னின்றவர் இவர். வந்த மின்சாரம் விளக்குகளை எரித்ததோடு, ஒரு மோட்டாரை ஓட்டிச் செயற்கை அருவியையும் கொட்டச் செய்தது. இன்று நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் அதே மூன்று கட்ட முறையில்தான் பயணிக்கிறது. சொந்த நாட்டில் படிக்க இடமில்லாமல் வந்த ஒரு வெளிநாட்டு மாணவர் என்ற இடத்தில்தான் என் மனம் நின்றது. அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது தரம் 2,3 கிடைத்தது. வீட்டுக்கு உடனே அழைத்துச் சொன்னேன்.

அப்புறம் வேலை. நாம் வருடத்துக்கு 120 முழு நாள் அல்லது 240 அரை நாள் வேலை செய்யலாம் என்பது அப்போதைய விதி. 2024 மார்ச்சிலிருந்து அது 140, 280 ஆகிவிட்டது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தால் அந்த நாட்கள் இந்தக் கணக்கில் வராது. "ஹிவி" என்பார்கள். வெளியே கிடைப்பதைவிடச் சம்பளம் குறைவாக இருந்தாலும் அதை எடுங்கள் என்பேன். எனக்கு ஆய்வறிக்கைத் தலைப்பே அந்த ஆய்வுகூடத்தில்தான் கிடைத்தது.

தலைப்பு, சூரிய மின்சாரத்தை மின் வலையமைப்புடன் இணைக்கும் இன்வேர்ட்டரின் வடிகட்டி. இன்வேர்ட்டர் நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும், வடிகட்டி அதில் வரும் தேவையற்ற அதிர்வுகளை நீக்கும். இரண்டு தூண்டி, நடுவே மின்னேற்றத்தைச் சேமிக்கும் ஒரு கொள்ளளவி. அது எந்த அதிர்வெண்ணில் பரிவுறும், அதாவது மிகப் பலமாக அதிரும் என்று கணினியில் பார்த்தபோது 1,950 ஹேர்ட்ஸ் வந்தது. மேசையில் அளந்தபோது 1,720. இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். கடைசியில், கணினியில் கொள்ளளவியின் பெறுமானத்தைச் சற்றுக் கூட்டினேன். இரண்டு வளைகோடும் ஒன்றின் மேல் ஒன்று அழகாக விழுந்தன. அந்தப் படத்தை அறிக்கையில் வைத்தும் விட்டேன்.

அடுத்த நாள் மேற்பார்வையாளரின் கதவைத் தட்டி, செய்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "கொள்ளளவியை அளந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். அளந்தோம். 10 மைக்ரோபரட், அதன் மேல் எழுதியிருந்தபடியே இருந்தது. தூண்டிகளும் சரி. "அப்படியானால் நீங்கள் கணக்கில் சேர்க்காத ஏதோ ஒன்று இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போங்கள்" என்றார். மேசையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து படிக்கட்டுக்குக் கீழே, நிலவறை வரை போனேன். அங்கே ஆய்வுகூடத்துக்கு மின்சாரம் தரும் ஒரு ட்ரான்ஸ்போமர் உறுமிக்கொண்டு நின்றது. தூண்டியைப்போலவே அதற்கும் ஒரு தூண்டல் உண்டு. அரை மில்லிஹென்றி. அதை வலையமைப்புப் பக்கத் தூண்டியோடு சேர்த்துக் கணக்கிட்டபோது வந்தது 1,720.

பொய்யான படம் இருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் ட்ரான்ஸ்போமரைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். வடிகட்டியை வடிவமைக்கும்போது அது எங்கே இணைக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதுதான் முடிவில் ஆய்வறிக்கையின் மையமாயிற்று.

ஆய்வறிக்கையைச் சமர்ப்பித்துப் பேசிய நாளில், பின்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர் கேட்டார், "அதே ட்ரான்ஸ்போமரில் பத்து இன்வேர்ட்டர் ஒன்றாக இணைந்தால் என்ன ஆகும்?" ஈரான் அக்காவும் மெக்சிக்கோ நண்பரும் முன்வரிசையில் இருந்தார்கள்.

"தெரியாது," என்றேன். "அளந்துதான் பார்க்க வேண்டும்."

அவர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். இப்போது என் வேலை அதுதான். பத்து இல்லை, நாற்பது இன்வேர்ட்டர்.