ஃபாரஸ்ட் பார்க்கில் எம்மா கோல்ட்மன்

சிகாகோவின் ப்ளூ லைன் ரயில் மேற்கே ஃபாரஸ்ட் பார்க்கில் முடிகிறது. அங்கிருந்து நடந்தே ஃபாரஸ்ட் ஹோம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடலாம். இங்கே வருகிற பலரும் தேடுவது, எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தையொட்டி உயிரிழந்த ஹேமார்க்கெட் தியாகிகளின் நினைவுச் சின்னத்தை. மே தினக் கூட்டங்களில் நாம் கேட்டு வளர்ந்த கதைதான். நான் போனது அதற்கு அருகில் இருக்கும், அரசு என்ற அமைப்பே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்ட் எம்மா கோல்ட்மனின் கல்லறைக்காக.

கல்லில் அவர் முகத்தைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். இறந்த ஆண்டு 1939 என்று இருக்கிறது. தப்பு. அவர் இறந்தது 1940 மே 14, டொராண்டோவில். உயிரோடு இருந்தவரைத் திரும்பக் குடியேற விடாத அமெரிக்கா, உடலை மட்டும் உள்ளே விட்டது.

கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்துச் சிறை சென்றவர். வெளியே வந்த கொஞ்ச நாளிலேயே, 1919 டிசம்பர் 21 அன்று, அவரையும் சேர்த்து 249 பேரை ப்யூஃபோர்ட் என்ற பழைய கப்பலில் ஏற்றி ரஷ்யப் பக்கம் அனுப்பினார்கள். புரட்சி பூமிக்குத்தானே போகிறோம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. 1921-ல் கிளர்ந்தெழுந்த க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தள மாலுமிகளைப் புரட்சி அரசே நசுக்கியதோடு அதுவும் போயிற்று. அந்த டிசம்பரிலேயே ரஷ்யாவை விட்டுக் கிளம்பினார்.

நாடு கடத்தல் ஒரு நாள் சம்பவம். அப்புறம் வருவது காகித வேட்டை; எனக்கு அதுதான் பெரிய தண்டனையாகத் தெரிகிறது. கல்யாணம் என்ற ஏற்பாட்டையே மேடை மேடையாக எதிர்த்தவர், பிரிட்டிஷ் குடியுரிமைக்காக 1925-ல் ஜேம்ஸ் கோல்டன் என்ற வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியை மணந்தார். நண்பர்கள் உதவியால் பிரான்சின் செயின்ட் ட்ரோபேயில் ஒரு வீடு கிடைத்தது. சுயசரிதையை அங்கே உட்கார்ந்து எழுதினார். 1934-ல் அமெரிக்கா 90 நாள் விசா கொடுத்தது. அதோடு சரி. அவரோடு நாடு கடத்தப்பட்ட தோழர் அலெக்சாண்டர் பெர்க்மன், பிரான்சில் தங்கும் அனுமதிக்காக அல்லாடியே கழித்து, நோயும் சேர்ந்துகொள்ள, 1936-ல் நீஸ் நகரில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

டொராண்டோவில் எம்மா கடைசியாக எடுத்துக்கொண்ட வேலை, கைதான இத்தாலிய அனார்க்கிஸ்ட் ஆர்தர் போர்ட்டலோட்டியைக் காப்பாற்றுவது. போர்க்காலச் சட்டத்தில் பிடிபட்டவரை முசோலினியின் இத்தாலிக்கே அனுப்பப் பார்த்தது கனடா. எழுபது வயதும், ஆண்டுக்கணக்காக நாடு நாடாக அலைந்த களைப்பும் இருந்தும், வழக்குக்குப் பணம் திரட்டவும் கடிதம் எழுதவும் எம்மா ஓய்ந்துவிடவில்லை. 1940 பிப்ரவரியில் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. போர்ட்டலோட்டியை கனடா கடைசியில் அனுப்பவில்லை. அவர் டொராண்டோவிலேயே வாழ்ந்தார்.