பார்த்தீர்களா, நினைக்கிறீர்களா?

“தண்ணீர் கோட்டுக்கு வந்துவிட்டதை நீங்கள் பார்த்தீர்களா, இல்லை பார்த்ததாக நினைக்கிறீர்களா?” என்று யூத மதகுருவான ராபி கேட்டார்.

“நினைக்கிறேன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை. மறுநாள் காலையில் குழியை முழுவதும் இறைத்துக் காயவிடச் சொன்னார். பதினொரு நாள் சேர்ந்த மழைநீர் சாக்கடைக்குப் போனது. மூன்று வருடம் ஆகிறது, அந்த ஒரு சொல் இன்னும் என்னை விடவில்லை.

லண்டனின் வடக்கே அந்த மிக்வேயின், அதாவது யூதர்கள் சமயத் தூய்மைக்காக மூழ்கும் குளத்தின், குழாய் வேலை முழுவதும் என் பொறுப்பு. வரைபடத்தைப் பார்த்தபோது சின்ன நீச்சல் குளம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெண்கள் மூழ்கும் குளத்தில் இருப்பது சாதாரணக் குழாய்த் தண்ணீர்தான். சூடாக்கலாம், குளோரின் போடலாம். ஆனால் அதன் உயிர் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள குழியில் இருக்கிறது. அதில் மழைநீர் மட்டும். நடுச்சுவரில் இரண்டு விரலை விட்டுச் சுழற்றும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே இரண்டு தண்ணீரும் முத்தமிட்டுக்கொள்ளும் என்பார்கள். அந்தத் தொடுதல்தான் குழாய்த் தண்ணீரையும் மூழ்கத் தகுந்ததாக ஆக்குகிறது.

குழியில் நாற்பது சேயா (பழைய யூத அளவு) மழைநீர் சேர வேண்டும். அது எத்தனை லிட்டர் என்பதில் ஒரு கணக்குக்கு 332, இன்னொரு கணக்குக்கு 573. எங்கள் ராபி பெரிய கணக்கை எடுத்து, அதற்கும் மேலே கொஞ்சம் சேர்த்துச் சுவரில் கோடு போட்டிருந்தார். மழை தானாக வந்து விழ வேண்டும், பாத்திரத்தில் மொண்ட தண்ணீர் கூடாது. கூரையிலிருந்து குழிவரை உலோகக் குழாய் வேண்டாம் என்றார். வழியில் தண்ணீர் தங்குகிற பள்ளம் இருந்தால் அந்தக் குழாயே பாத்திரக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், ஒரு வளைவை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். ஊற்று நீர் ஓடலாம்; மழைநீர் நிற்கத்தான் வேண்டும், அதனால் குழியில் துளி கசிவும் ஆகாது. இத்தனை வருட வேலையில் தண்ணீரை இவ்வளவு மதித்த இடத்தை நான் பார்த்ததில்லை.

இஸ்ரேலில் உள்ள மசாடா மலைக்கோட்டையை 1963 முதல் 1965 வரை தொல்லியலாளர் யிகால் யாதின் அகழ்ந்தபோது பழைய மிக்வே ஒன்று கிடைத்ததாம். அதைக் கேள்விப்பட்ட ஒரு முதிய ராபி வெயிலில் மலையேறி, அளவு நாடாவோடு தொட்டிக்குள் இறங்கி அளந்து, சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் முகம் மலர்ந்தாராம். எங்கள் ராபியும் அப்படித்தான். முதல் நாளே நாடாவை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார்.

எல்லாவற்றிலும் என்னைப் பிடித்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. நாற்பது சேயா நிறைந்த பிறகு எத்தனை வாளி குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும் குழி கெடாது. நிறைவதற்கு முன்னால் மூன்று லோக் விழுந்தாலே மொத்தமும் போயிற்று. மூன்று லோக் என்பது சிறிய கணக்கில் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆக, ஊற்றினார்களா என்பதை விட எது முதலில் நடந்தது என்பதுதான் கேள்வி.

அன்று மாலை ஐந்தரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன். டைல்ஸ் பதிக்கும் அண்ணை மட்டும் இருந்து வேலையை முடித்திருக்கிறார். குழியின் விளிம்பில் சாந்து ஒட்டியிருந்ததைக் கண்டு, காய்ந்தால் போகாதே என்று வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருக்கிறார். பாதி உள்ளே போயிருக்கிறது. இரவு நல்ல மழை. காலையில் தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் மேலே நின்றது. விளிம்பு பளிச்சென்று இருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“ஓம் தம்பி, அரை வாளிதான். கோடு தண்ணிக்குள்ள கிடந்தது, நான் கண்ணால கண்டனான்” என்றார்.

நான்தான் ராபிக்குப் போன் செய்தேன். அது தவறென்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ராபி அண்ணை சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் என்னைத் தனியாக அழைத்தார். ஊற்றியவர் அண்ணை என்பதால் என் வார்த்தைக்குத்தான் எடை அதிகம். அவர் வாயைத் திறக்கும்போதே அது எனக்குத் தெரியும்.

பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? டார்ச் வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசியது. அங்கே வரப்போகும் பெண்கள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இறங்குவார்கள். ஒரு மிக்வேயை அளந்து பார்த்து அளவு குறைவு என்று தெரிந்தால், அதுவரை அதை நம்பித் தூய்மை என்று கொண்டதெல்லாம் பின்னோக்கித் தூய்மையற்றதாகும் என்று பழைய யூதச் சட்ட நூலான மிஷ்னா சொல்வதாக ராபி முதல் வாரமே சொல்லியிருந்தார். அது மனதில் இருந்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரியாகத்தான் செய்தேன்.

ஆனால் பிறகு அதே அத்தியாயத்தின் அடுத்த பத்தியைப் படித்தேன். மொண்ட தண்ணீர் விழுந்ததா இல்லையா, விழுந்தபோது நாற்பது சேயா இருந்ததா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், பற்றிக்கொள்ள ஒன்று இருக்கிறது என்பதால் தூய்மையின் பக்கமே தீர்ப்பு. எங்கள் சந்தேகம் அச்சு அசலாக அதுதான்! போதாததற்குக் கோடே தாராளமாகப் போட்டது. அதற்கு ஒரு சாண் கீழே இருந்திருந்தாலும் சிறிய கணக்குக்கு நிறைந்திருக்கும். ராபியிடம் போய்க் கேட்டேன். “இன்னும் யாரும் மூழ்காத குளத்தை ஏன் சந்தேகத்தோடு தொடங்க வேண்டும்?” என்றார். அவர் நிலையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அப்படியானால் குழியைக் காலி செய்தது சட்டத்தின் கட்டாயம் இல்லை. நான் இழுத்த இழுப்பில் அவர் எடுத்த முடிவு.

அது ஜூன் மாதம். ஏழு வாரம் சொல்லும்படியாக மழை இல்லை. பனிக்கட்டி கொண்டுவந்து போட்டு உருகவிடலாம், அதற்கும் மிஷ்னாவில் இடம் உண்டு என்று ஒருவர் சொன்னார். ராபி காத்திருப்போம் என்றார். ஓய்வுநாள் தொடங்கிவிடும் வெள்ளி இரவில் வண்டி ஓட்டக் கூடாது என்பதால், அந்தப் பகுதிப் பெண்கள் தூரத்து மிக்வேக்கு நடந்தே போனார்கள். தாமதத்தின் செலவு எங்கள் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அடுத்த வேலைக்கு அண்ணையைக் கூப்பிடவில்லை.

குழியில் ஊற்றக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். நிறுவனத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன், அதை மட்டும் சொல்லவில்லை. அசுத்தம் என்பது தண்ணீரில் கரைந்து போகும் சேறோ அழுக்கோ அல்ல, எல்லாம் மனத்தின் நோக்கத்தைப் பொறுத்தது என்று இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ் மிக்வே சட்டங்களின் முடிவில் எழுதுகிறார். என் நோக்கம் என்ன? உண்மையைச் சொல்வதா, இல்லை பொறுப்பைக் கைகழுவுவதா? ஒரு நாள் ஒன்று சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றது.

போன மாதம் அண்ணைக்குப் போன் செய்தேன். பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். கடைசியில் கேட்டே விட்டேன்.

“அண்ணை, அண்டைக்கு நீங்கள் ஊத்தேக்க எத்தனை மணி? கோட்டுக்கு மேல எவ்வளவு தண்ணி நிண்டது?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“இதை அண்டைக்கெல்லோ கேட்டிருக்க வேணும், தம்பி” என்றார்.